தாளிப்புக்கு முன்: தமிழ் அடுக்களையும் நாயின் உணவும்

1. ஆய்வுப் பொருளும் எல்லையும்

மனிதர் உண்பவற்றுள் எவற்றை நாய்க்குக் கொடுக்கலாம் என்ற கேள்விக்கு இன்று எளிதில் கிடைக்கும் விடைகள் பெரும்பாலும் அமெரிக்க, ஐரோப்பியச் சமையலறைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. புளூபெர்ரி ஆகும், மெகடாமியா கொட்டை ஆகாது, அவகாடோ வேண்டாம் என்று அந்தப் பட்டியல்கள் நீளும். மதுரையில் நாய் வளர்ப்பவருக்கு மெகடாமியாவால் தொல்லை வரப்போவதில்லை. அவர் வீட்டு நாயின் தட்டில் விழுவது சாம்பார்ச் சோறு, ரசச் சோறு, மீந்த இட்லி, தயிர்ச் சோறு, ஞாயிற்றுக்கிழமைக் கோழிக்குழம்பின் எலும்பு. இவற்றைப் பற்றி அப்பட்டியல்களில் ஒரு வரிகூட இராது.

தமிழ்நாட்டு அடுக்களையில் அன்றாடம் புழங்கும் பொருள்களுள் எவை நாய்க்கு உகந்தவை, எந்த அளவில் உகந்தவை, எந்த நிலையில் கேடாகின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. இதன் கருத்து ஒன்றே. நம் சமையலில் நாய்க்கு ஒவ்வாத பொருள்கள் பெரும்பாலும் சமையலின் பிற்பகுதியில்தான் பாத்திரத்துக்குள் வருகின்றன. வெந்த அரிசி, வெந்த பருப்பு, வெந்த காய், வெந்த கறி எல்லாமே நாய்க்கு ஆகும். வெங்காயம் வதங்கி, புளி கரைந்து, உப்பும் மிளகாயும் சேர்ந்து, தாளிப்பு விழுந்த பின் அதே பருப்பும் அதே கறியும் ஆகாதவை ஆகிவிடுகின்றன. ஆகவே எதைக் கொடுப்பது என்பதோடு, அடுப்பிலிருந்து எப்போது எடுத்து வைப்பது என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டியிருக்கிறது.

இங்கே சொல்லப்படுபவை நோயற்ற, வளர்ந்த நாய்களுக்கானவை. சிறுநீரகக் கோளாறு, நீரிழிவு, கணைய அழற்சி உள்ள நாய்க்கு மருத்துவர் சொல்லும் உணவே உணவு. பூனைக்கு இதில் எதையும் பொருத்திப் பார்க்கக் கூடாது. அதன் உடற்கூறு வேறு.

2. நாயின் வயிறு

2.1 ஓநாயிடமிருந்து விலகிய இடம்

ஜெர்மனியில் பான் நகரை ஒட்டிய ஓபர்காசலில் 1914இல் ஒரு புதைகுழி கிடைத்தது. அதில் இரண்டு மனிதர்களோடு ஒரு நாயும் புதைக்கப்பட்டிருந்தது. காலம் ஏறத்தாழ 14,000 ஆண்டுகளுக்கு முன். அன்று முதல் மிக அண்மைக்காலம் வரை நாய் மனிதனின் மிச்சத்தைத் தின்றே வாழ்ந்தது. நாய்க்கென்று தனியாகச் செய்து விற்கும் உணவு 1860களில் லண்டனில் ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்பவர் விற்ற பிஸ்கெட்டோடு தொடங்குகிறது. இன்று கடையில் கிடைக்கும் உருண்டைத் தீவனம் 1950களில் வந்தது. "மனித உணவு நாய்க்குக் கெடுதல்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது இந்த நெடிய வரலாற்றோடு ஒட்டவில்லை.

அந்த வரலாறு நாயின் மரபணுவிலும் பதிந்திருக்கிறது. சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரிக் ஆக்சல்சன் குழுவினர் 2013இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு இதில் திருப்புமுனை. மாவுச்சத்தைச் சிதைக்கும் அமைலேஸ் நொதியைக் கணையத்தில் உண்டாக்கும் மரபணு ஓநாய்க்கு 2 படிகள் மட்டுமே உண்டு. அவர்கள் ஆராய்ந்த நாய்களில் 4 முதல் 30 படிகள் வரை இருந்தன. உழவுத் தொழில் செய்த மனிதரோடு ஒட்டி வாழ்ந்த நாய்கள் சோற்றையும் ரொட்டியையும் செரிக்கக் கற்றுக்கொண்டுவிட்டன என்பதே இதன் பொருள். இந்தப் பெருக்கம் எல்லா நாய்க்கும் ஒன்றுபோல் இல்லை என்பதும் பின்வந்த ஆய்வுகளில் தெரிந்தது. ஆர்க்டிக் பகுதி நாய்களிலும் ஆஸ்திரேலியாவின் டிங்கோவிலும் படிகள் மிகக் குறைவு. சென்னை வெயிலில் ஹஸ்கி வளர்ப்பதே ஒரு கொடுமை. அதற்குத் தயிர்ச் சோறு மட்டும் போட்டு வளர்ப்பது இரண்டாவது கொடுமை.

2.2 இன்னும் விலகாத இடங்கள்

நாயின் எச்சிலில் மாவுச்சத்தைச் சிதைக்கும் திறன் இல்லை என்றே கொள்ளலாம். அதன் பல் கிழிப்பதற்கு அமைந்தது, அரைப்பதற்கு அன்று. மென்று கூழாக்கி விழுங்கும் வழக்கம் அதற்கு இல்லாததால் அரிசியும் பருப்பும் கிழங்கும் நாம் உண்பதைவிடக் குழைய வெந்திருக்க வேண்டும். வேகாத மாவுச்சத்து சிறுகுடலைத் தாண்டிப் பெருங்குடலுக்குப் போய்ப் புளித்து, வாயுவும் பேதியுமாக வெளிப்படும்.

வேறு சில வேறுபாடுகளும் கவனத்துக்குரியவை. வைட்டமின் சி-யை நாய் தன் கல்லீரலிலேயே உண்டாக்கிக்கொள்கிறது. ஆரஞ்சும் நெல்லிக்காயும் கொடுத்து அதற்குச் சத்து ஏற்ற வேண்டியதில்லை. வைட்டமின் டி-யின் கதை நேர்மாறானது. வெயிலில் இருந்தால் தோல் வழியே போதிய அளவு கிடைத்துவிடும் என்பது மனிதருக்குப் பொருந்தும், நாய்க்குப் பொருந்தாது. நாய் அதை உணவிலிருந்தே பெற்றாக வேண்டும். முட்டை மஞ்சள் கருவுக்கும் மத்தி மீனுக்கும் இக்கட்டுரையில் தனி இடம் உண்டாவது அதனால்தான்.

3. உகந்தவை

3.1 சோறும் சோற்றின் சுற்றமும்

குழைந்த வெள்ளைச் சோறு நாய்க்குப் பாதுகாப்பான உணவு. செரிமானம் கெட்ட நாய்க்குக் கால்நடை மருத்துவர்கள் முதலில் எழுதித் தருவது பெரும்பாலும் உப்பில்லாத குழைந்த சோறும் தோல் நீக்கி வேகவைத்த கோழிக்கறியும்தான். புழுங்கலரிசி, பச்சரிசி இரண்டும் ஆகும். கேழ்வரகுக் கூழும் ஆகும். தானியங்களுள் சுண்ணாம்புச்சத்து மிகுந்தது அதுதான், 100 கிராம் மாவில் 340 மில்லிகிராமுக்கு மேல். எனினும் அதிலுள்ள ஃபைட்டேட் அந்தச் சுண்ணாம்பில் ஒரு பகுதியை உடலில் சேரவிடாமல் கட்டிவைத்துக்கொள்ளும். கேழ்வரகு கொடுத்துவிட்டோம், எலும்புக்கு இனிக் கவலையில்லை என்று இருந்துவிட முடியாது.

மீந்த இட்லியைத் தாராளமாகக் கொடுக்கலாம். அரிசியும் உளுந்தும் சேர்ந்து, புளித்து, ஆவியில் வெந்தது. எண்ணெய் இல்லை, வெங்காயம் இல்லை. சட்னியும் சாம்பாரும் தொடாத இட்லியாக இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. வேகாத மாவு கூடாது. வயிற்றின் சூட்டில் அது மேலும் புளித்து உப்பும். ஈஸ்ட் சேர்த்த ரொட்டி மாவைத் தின்ற நாய்கள் வயிறு வீங்கியதோடு, புளிப்பில் உண்டாகும் சாராயத்தால் தள்ளாடியதும் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது.

பருப்பில் பாசிப்பருப்பே முதல் தேர்வு. எளிதில் குழையும். அரிசிப் புரதத்தில் குறைவாக உள்ள லைசினை அது நிரப்பும். பருப்பையே முக்கியப் புரதமாக்குவதில் ஓர் எச்சரிக்கை உண்டு. தானியம் நீக்கி, பட்டாணியும் பருப்பும் மிகுத்துச் செய்த தீவனங்களுக்கும் நாய்களுக்கு இதயம் விரிந்து தளரும் நோய்க்கும் தொடர்பு இருக்குமோ என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018இல் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. காரணகாரியம் அதில் நிறுவப்படவில்லை. நம் வீட்டு நாயின் தட்டில் இரண்டு கரண்டி பருப்பு இருப்பதற்கும் இந்த அச்சத்துக்கும் நெடுந்தூரம். முட்டையையும் கறியையும் அறவே நிறுத்திவிட்டுப் பருப்பை மட்டும் நம்புவோர் யோசிக்க வேண்டும்.

3.2 முட்டை, கறி, மீன்

ஒரு பொருளை மட்டும் சொல் என்றால் வேகவைத்த முட்டையைச் சொல்வேன். 70 கிலோகலோரி, 6 கிராம் உயர்தரப் புரதம், மஞ்சள் கருவில் வைட்டமின் டி, எந்த மளிகைக் கடையிலும் கிடைக்கும். பச்சை முட்டை உடம்புக்கு வலு என்று நம்பி உடைத்து ஊற்றுவோர் உண்டு. பச்சை வெள்ளைக்கருவில் உள்ள அவிடின் என்னும் புரதம் பயோட்டின் என்ற வைட்டமினைக் கட்டிவிடும். வெந்தால் அவிடின் செயலிழக்கும். கிருமித் தொற்றின் ஆபத்தும் வெந்தால் தீரும்.

கோழிக்கறி, ஆட்டுக்கறி, மாட்டுக்கறி மூன்றும் ஆகும். எடுத்து வைக்கும் முறையில்தான் விஷயம் இருக்கிறது. கறியைத் தண்ணீரில் வெறுமனே, வேண்டுமானால் ஒரு சிட்டிகை மஞ்சளோடு வேகவைத்து, நாயின் பங்கைத் தனியே எடுத்த பிறகே மசாலாவைச் சேர்க்க வேண்டும். மசாலாவில் வெந்த கறித்துண்டைக் கழுவிப் போடும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. மிளகாயின் காரம் கொஞ்சம் போகும். வெங்காயச் சாறு கறிக்குள் ஊறியிருப்பது போகாது. கொழுப்புத் துண்டுகளையும் தோலையும் ஆசைக்காகக் குவித்துப் போடுவது கணைய அழற்சிக்கு வழி. தீபாவளி, பக்ரீத், கிறிஸ்துமஸ் போன்ற நாள்களில் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

ஈரல் சத்து மிகுந்தது. அந்த மிகுதியே அளவைக் குறைக்கச் சொல்கிறது. அதிலுள்ள வைட்டமின் ஏ உடலில் சேர்ந்துகொண்டே போகும்; நாள்தோறும் ஈரல் மட்டுமே கொடுத்தால் எலும்பும் மூட்டும் கெடும். வாரம் ஒருமுறை இரண்டொரு துண்டு போதும்.

மீனில் மத்தியும் நெத்திலியும் சிறந்தவை. விலை குறைவு, ஒமேகா-3 கொழுப்பு மிகுதி, பெரிய கடல்மீன்களில் சேரும் பாதரசம் இவற்றில் குறைவு. வேகவைத்து முள் நீக்கிக் கொடுக்க வேண்டும். சிலவகைப் பச்சை மீனில் தயாமினேஸ் என்னும் நொதி இருக்கிறது. அது வைட்டமின் பி1-ஐச் சிதைத்துவிடும். கருவாட்டைப் பற்றி உப்பின் பகுதியில் வரும்.

வெந்த எலும்பு மட்டும் எந்த வடிவத்திலும் வேண்டாம். நாய் என்றால் எலும்பு என்ற எண்ணம் நம்மிடம் ஆழ வேரூன்றியிருக்கிறது. கோழி எலும்பு வெந்தபின் நீளவாக்கில் ஊசிமுனைகளாக உடையும். அவை தொண்டையிலோ குடலிலோ குத்தி நிற்கும். ஆட்டு நல்லி எலும்பு குடலை அடைக்கும், அல்லது கடைவாய்ப் பல்லைப் பிளக்கும். கல்யாண வீட்டு எச்சில் இலையிலிருந்து தெருநாய்க்குப் போகும் பிரியாணியில் எலும்பும் வெங்காயமும் கொழுப்பும் காரமும் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. இந்தக் கட்டுரை வேண்டாம் என்று சொல்பவற்றுள் பாதி அந்த ஒரு கைப்பிடியில் அடங்கிவிடும்.

3.3 பாலும் தயிரும்

குட்டி தாய்ப்பால் மறந்தபின் லாக்டோஸைச் செரிக்கும் நொதி அதன் குடலில் குறைந்துகொண்டே வரும். பசும்பாலில் லாக்டோஸ் 5 சதவீதத்தை ஒட்டி உள்ளது. ஒரு கிண்ணம் பாலுக்கு அடுத்த நாள் பேதியாவது பல நாய்களில் காணக்கூடியது. தயிரில் நுண்ணுயிரிகள் லாக்டோஸின் ஒரு பகுதியைத் தின்றுவிடுவதால் அது எளிதில் ஒத்துக்கொள்கிறது. கோடையில் உப்பும் தாளிப்பும் இல்லாத மோர் நல்லதே. பாலில் ஊறவைத்த குளுக்கோஸ் பிஸ்கெட் உணவாகாது. அது சர்க்கரையும் மைதாவும். தேய்பிறை அஷ்டமியன்று பைரவரை நினைத்துத் தெருநாய்க்கு உணவிட எண்ணுவோர் ஒரு பிஸ்கெட் பொட்டலத்துக்குப் பதிலாக ஒரு முட்டைச் சோறு வைத்தால் புண்ணியம் சற்றுக் கூடுதலாகவே சேரும்.

3.4 காயும் பழமும்

பரங்கிக்காய், கேரட், பீன்ஸ், வெள்ளரி, தோல் நீக்கி வேகவைத்த உருளையும் சர்க்கரைவள்ளியும் நாய்க்கு ஆகும். பரங்கி மலச்சிக்கலுக்கும் இளகலான மலத்துக்கும் ஒருசேர உதவும். அதன் நார் நீரைப் பிடித்து வைத்துக்கொள்வதே காரணம். எடை கூடிய நாய்க்குச் சோற்றில் ஒரு பகுதியைக் குறைத்து வெந்த பீன்ஸைச் சேர்ப்பது நல்ல வழி. முளைவிட்ட, பச்சை நிறமேறிய உருளைக்கிழங்கு கூடாது.

பழங்கள் நாய்க்குத் தின்பண்டம், அவ்வளவே. வாழைப்பழம், பப்பாளி, தர்ப்பூசணி, ஆப்பிள், கொய்யா, மாம்பழம் எல்லாம் விதையும் கொட்டையும் நீக்கிச் சிறு துண்டாகக் கொடுக்கலாம். ஆப்பிள் விதையில் சயனைடு உண்டாக்கும் பொருள் உள்ளது. மாங்கொட்டையின் ஆபத்து நஞ்சில் இல்லை, உருவத்தில் இருக்கிறது. சப்பிப் போட்ட கொட்டை வழவழப்பாக இருப்பதால் நாய் முழுதாக விழுங்கிவிடும். அது சிறுகுடலில் போய் அடைத்தால் வயிற்றைத் திறந்துதான் எடுக்க வேண்டும். சித்திரை, வைகாசியில் குப்பைக் கூடைக்கு மூடி போடுவது மருந்தைவிட மலிவு.

4. குழம்பு

சோறு நல்லது, பருப்பு நல்லது என்று இதுவரை சொன்னது முழுவதும் குழம்பு என்ற இடத்தில் தடுமாறுகிறது. நம் சமையலின் சுவைக்குக் காரணமான பொருள்களும் நாய்க்கு ஆகாத பொருள்களும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன.

4.1 வெங்காயமும் பூண்டும்

வெங்காயக் குடும்பத்தின் கந்தகச் சேர்மங்கள் நாயின் சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனேற்றத்தால் சிதைக்கின்றன. சிதைந்த பகுதி அணுவுக்குள் சிறு புள்ளியாகத் திரளும். இதை ஹைன்ஸ் பொருள் என்பர். அப்படிப்பட்ட அணுக்கள் உடைந்தோ மண்ணீரலால் நீக்கப்பட்டோ போக, நாய்க்கு இரத்தசோகை வருகிறது. உடல் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் வெங்காயத்தை ஒரே வேளையில் தின்ற நாய்களில் நச்சுத்தன்மை தொடர்ந்து காணப்பட்டிருக்கிறது. 10 கிலோ நாய்க்கு இது 50 கிராம். வேகவைப்பதாலும் வறுப்பதாலும் பொடியாக்குவதாலும் இந்த நஞ்சு போவதில்லை. சிறிது சிறிதாகப் பல நாள் கொடுத்தாலும் சேதம் கூடும்.

நோய் உடனே தெரியாது என்பதுதான் இதில் கொடுமை. இரண்டு மூன்று நாள் கழித்து நாய் சோர்ந்து படுக்கும், ஈறு வெளுக்கும், சிறுநீர் காப்பி நிறத்தில் போகும். செவ்வாய்க்கிழமை வந்த சோர்வுக்கும் சனிக்கிழமை போட்ட சின்ன வெங்காயச் சாம்பாருக்கும் தொடர்பு உண்டென்று யாருக்கும் தோன்றாது.

பூண்டு எடைக்கு எடை வெங்காயத்தைவிட வீரியமானது. உண்ணி வராமல் இருக்கத் தினம் ஒரு பல் பூண்டு கொடுக்கச் சொல்வோர் ஊர்தோறும் இருக்கிறார்கள். உண்ணியைப் பூண்டு விரட்டும் என்பதற்கு நம்பத்தக்க சான்று எதுவும் இல்லை. சிவப்பணுவை அது சிதைக்கும் என்பதற்கு ஆய்வகச் சான்று உண்டு. உண்ணிக்கு மருந்துக் கடையில் மருந்து இருக்கிறது. அதை வாங்கிப் போடுவதே சரி.

4.2 புளி

இக்கட்டுரையில் தமிழ் வாசகர் மிகவும் கவனிக்க வேண்டிய பகுதி இதுவே.

திராட்சையும் உலர் திராட்சையும் தின்ற சில நாய்களுக்குச் சிறுநீரகம் திடீரெனச் செயலிழப்பதை அமெரிக்காவின் விலங்கு நச்சு மையத்தார் 1990களின் இறுதியில் கவனித்து, 2001இல் வெளிப்படுத்தினர். காரணம் இருபது ஆண்டுகள் புதிராக இருந்தது. ஒரு நாய் ஒரு கொத்து தின்றும் ஒன்றும் ஆகாமல் இருக்கும். இன்னொன்று சில பழங்களிலேயே விழும். 2021இல் அதே மையத்தார் ஒரு விளக்கத்தை முன்வைத்தனர்: குற்றவாளி டார்டாரிக் அமிலம். பழத்துக்குப் பழம், முதிர்ச்சிக்கு முதிர்ச்சி அதன் அளவு மாறுவதால் விளைவும் மாறுகிறது. டார்டாரிக் அமிலத்தின் உப்பான கிரீம் ஆஃப் டார்ட்டர் என்னும் சமையல் தூளைத் தின்ற நாய்களுக்கும் இதே சிறுநீரகச் சேதம் வந்திருந்தது. 2022இல் வெளிவந்த கட்டுரை மற்றொன்றையும் சேர்த்தது: புளி தின்ற நாய்கள்.

டார்டாரிக் அமிலம் இவ்வளவு செறிந்த பழங்கள் மிகச் சிலவே. திராட்சை ஒன்று, புளி மற்றொன்று. புளிச் சதையில் அது 8 முதல் 18 சதவீதம் வரை இருக்கிறது. திராட்சையில் இருப்பதைவிட இது பல மடங்கு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நான்கு பேருக்கான சாம்பாரில் எலுமிச்சையளவு புளி, 25 கிராம் என்று வைப்போம். நடுவான 12 சதவீதத்தைக் கொண்டால் குழம்பில் 3 கிராம் அமிலம். நாய்க்கு விழும் ஒரு கரண்டியில் அதில் சிறு பங்குதான் போகும். தலைமுறை தலைமுறையாகச் சாம்பார்ச் சோறு தின்ற நாய்கள் கூட்டங்கூட்டமாகச் சாகாததற்கு இந்த நீர்த்த அளவு ஒரு காரணமாகலாம். புளிக்குழம்பு, வத்தக்குழம்பு, புளியோதரை ஆகியவற்றில் புளி இவ்வளவு நீர்த்திருப்பதில்லை. ஊறவைத்துப் பிழிந்த புளிச் சக்கையைக் கொல்லையில் வீசும் வழக்கமும் உண்டு. இவ்வளவு வரை கொடுத்தால் தீங்கில்லை என்று யாரும் வரையறுத்துச் சொல்லாத ஒரு பொருளை, கொடுத்தே ஆக வேண்டிய தேவை எதுவும் இல்லாதபோது, கொடுக்காமல் விடுவதே என் முடிவு.

காய்ச்சலுக்கு நமக்கு ரசச் சோறு இதமானது என்பதால் சோர்ந்த நாய்க்கும் ரசச் சோறு பிசைந்து வைப்பார்கள். புளி, பூண்டு, மிளகு, உப்பு நான்கும் அதில் உண்டு. நோயுற்ற நாய்க்கு இதைவிடப் பொருத்தமற்ற உணவை நம் அடுக்களையில் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

4.3 உப்பும் எண்ணெயும்

நம் உணவில் உள்ள உப்பு நாயின் தேவையைவிட மிகுதி. சாதாரண மிகுதியை நீர் குடித்தே அது சமாளித்துவிடும். ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகிய மூன்றும் அந்தச் சமாளிப்புக்கு அப்பாற்பட்டவை. கருவாட்டைக் கழுவிப் போட்டாலும் உப்பு உள்ளே இருக்கும். மிளகாய் வாயையும் வயிற்றையும் எரிக்கும், பேதியாக்கும், உயிருக்கு ஆபத்தில்லை. வடை, முறுக்கு, பஜ்ஜி பற்றி விரித்துரைக்க எதுவும் இல்லை: வேண்டாம்.

4.4 ஊசியது

கெட்டுப்போன சோற்றை நாய்க்குப் போடுவது சிக்கனமாகக் கருதப்படுகிறது. நாயின் வயிறு நம்முடையதைவிடத் துணிச்சலானது என்பது உண்மைதான். பூஞ்சை நஞ்சு அந்தத் துணிச்சலுக்கு அடங்காது. பூஞ்சை பிடித்த வேர்க்கடலையிலும் சோளத்திலும் உண்டாகும் அஃப்ளாடாக்சினுக்கு நாயின் கல்லீரல் மிகவும் மென்மையானது. கெட்ட சோளம் கலந்த தீவனத்தால் அமெரிக்காவில் 2005 இறுதியில் நாய்கள் பெருமளவில் இறந்தன. பூஞ்சை பிடித்த ரொட்டியைத் தின்ற நாய்க்கு நடுக்கமும் வலிப்பும் வரலாம். நாம் முகர்ந்து பார்த்து ஒதுக்கியதை நாய்க்கும் ஒதுக்கிவிட வேண்டும்.

5. கடையிலிருந்து வருபவை

சாக்லேட்டின் தியோபுரோமின் நாயின் உடலைவிட்டு மிக மெதுவாகவே வெளியேறுகிறது. பாதியளவு குறையவே 17 மணி நேரத்துக்கு மேலாகும். கிலோவுக்கு 20 மில்லிகிராமில் வாந்தியும் பரபரப்பும், 40-50இல் இதயத் துடிப்புக் கோளாறும், 60இல் வலிப்பும் காணப்படுகின்றன. 10 கிலோ நாய்க்குக் கருநிறச் சாக்லேட் 40 கிராம் போதும், அறிகுறிகள் தொடங்க. பால் சாக்லேட்டில் வீரியம் குறைவு. கோக்கோத் தூளில் மிக அதிகம். காப்பித் தூளும் டிகாஷன் சக்கையும் இதே வகை.

சர்க்கரை சேராத சூயிங்கம், சில பற்பசைகள், சில வேர்க்கடலை வெண்ணெய்கள் ஆகியவற்றில் சைலிட்டால் என்னும் இனிப்பு உள்ளது. நாயின் கணையம் அதைச் சர்க்கரை என்று மயங்கி இன்சுலினைக் கொட்டும். 10 கிலோ நாய்க்கு 1 கிராம் போதும். ஒரு மணி நேரத்துக்குள் தள்ளாடி விழலாம். அளவு கூடினால் கல்லீரல் செயலிழக்கும்.

உலர் திராட்சை நம் வீட்டுக்குள் பாயசமாகவும் கேசரியாகவும் சர்க்கரைப் பொங்கலாகவும் வருகிறது. மாட்டுப் பொங்கலன்று மாட்டுக்கு ஊட்டிய கையோடு நாய்க்கும் ஒரு உருண்டை வைப்போர், திராட்சை சேராத பகுதியாகக்கூட எடுத்துக் கொடுக்க வேண்டாம். வெண்பொங்கலுக்குக் குழைத்த அரிசி பருப்பை நெய்யும் மிளகும் சேருமுன் எடுத்து வைத்தால் அதுவே நாய்க்குப் பொங்கல்.

6. அளவும் சமன்பாடும்

பாதுகாப்பான உணவு என்பதும் போதுமான உணவு என்பதும் ஒன்றல்ல. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தார் வீட்டில் சமைத்து நாய்க்குக் கொடுக்கும்படி நூல்களிலும் இணையத்திலும் வெளியான 200 செய்முறைகளைச் சோதித்து 2013இல் முடிவை வெளியிட்டனர். 95 சதவீதத்தில் ஏதேனும் ஓர் இன்றியமையாத சத்தாவது குறைந்திருந்தது. கால்நடை மருத்துவர்கள் எழுதிய செய்முறைகளும் அவற்றுள் இருந்தன.

நம் தயிர்ச் சோற்றையே எடுத்துக்கொள்வோம். கருத்தடை செய்த, 10 கிலோ எடையுள்ள நாய்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 630 கிலோகலோரி தேவை. 400 கிராம் சோறும் 150 கிராம் தயிரும் அந்தக் கலோரியைத் தந்துவிடும். புரதம் 16 கிராமுக்குள் நிற்கும். அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அலுவலர் அமைப்பின் குறைந்தபட்ச அளவுப்படி வேண்டியது 28 கிராம். சுண்ணாம்பு ஏறத்தாழ 800 மில்லிகிராம் வேண்டும். கிடைப்பது 250ஐத் தாண்டாது. வயிறு நிறைகிறது, தசையும் எலும்பும் பட்டினி. அதே நாய்க்கு 250 கிராம் சோறு, 100 கிராம் வெந்த கோழிக்கறி, ஒரு முட்டை, ஒரு கை பரங்கி, ஒரு தேக்கரண்டி எண்ணெய் என்று மாற்றினால் கலோரி அதேதான், புரதம் 40 கிராமைத் தாண்டிவிடும்.

சுண்ணாம்பு அப்போதும் குறையும். கறியில் பாஸ்பரஸ் மிகுதி, சுண்ணாம்பு சொற்பம். கொதிக்கவைத்து உலர்த்தி நைசாக அரைத்த முட்டை ஓட்டுப் பொடி இதற்கு எளிய வழி. அந்தப் பொடியில் ஐந்தில் இரண்டு பங்கை ஒட்டிச் சுண்ணாம்புச்சத்தே. 10 கிலோ நாய்க்கு நாளுக்கு 2 கிராம், அதாவது தேக்கரண்டியில் மூன்றில் ஒரு பங்கு போதும். துத்தநாகம், அயோடின், வைட்டமின் ஈ ஆகியவை வீட்டு உணவில் குறைவதே வழக்கம் என்பதால் மருத்துவரைக் கேட்டு ஒரு சத்துக்கலவையைச் சேர்ப்பது தவிர்க்க முடியாதது.

குட்டிகளிடம் இந்தச் சோதனை வேண்டாம். சோறும் பாலும், அல்லது வெறும் கறியும் சோறும் தின்று வளரும் பெரிய இனக் குட்டிகளுக்கு முன்னங்கால் வளைவதும் சிறு குதிப்பில் எலும்பு முறிவதும் கால்நடை மருத்துவமனைகளில் அன்றாடக் காட்சி. சுண்ணாம்பை அளவின்றிக் கொட்டினாலும் அதே எலும்பு கோணும். ஓராண்டு வரை, பெரிய இனங்களுக்கு ஒன்றரை ஆண்டு வரை, குட்டிகளுக்கென்றே செய்த முழுச்சத்துத் தீவனத்தை முதன்மையாக வைப்பதே நல்லது. தீவனம் தின்னும் வளர்ந்த நாய்க்கு அடுக்களையிலிருந்து போகும் துண்டுதுணுக்குகள் நாளின் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

7. தவறித் தின்றுவிட்டால்

சாக்லேட், திராட்சை, புளி, சைலிட்டால், மிகுதியான வெங்காயம் ஆகியவற்றுள் எதைத் தின்றாலும் அறிகுறி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். தின்று இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் போனால் ஊசி போட்டு வாந்தி எடுக்கவைக்க முடியும். அதன்பின் அந்த வாய்ப்பு விரைவாகக் குறையும். என்ன தின்றது, எவ்வளவு, எப்போது, நாயின் எடை என்ன என்ற நான்கையும் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். உறை கிடைத்தால் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். எலும்பை விழுங்கிய நாய்க்கு வாந்தியே எடுக்கவைக்கக் கூடாது. இறங்கும்போது குத்தாதது ஏறும்போது குத்தலாம்.

வீட்டிலேயே உப்புக் கரைசலை வாயில் ஊற்றி வாந்தி எடுக்கவைக்கும் வழக்கத்தை அடியோடு விட்டுவிட வேண்டும். வாந்தி வராமல் போனால் அந்த உப்பு முழுவதும் இரத்தத்தில் ஏறி மூளையைப் பாதிக்கும். வீட்டுக்கு அருகிலுள்ள கால்நடை மருத்துவமனையின் எண்ணையும், இரவில் திறந்திருக்கும் ஒன்றின் எண்ணையும் இன்றே தேடிக் குறித்து, வீட்டில் எல்லார் கைபேசியிலும் பதிந்து வையுங்கள்.